வாசகர் கேள்வி–பதில்: இலக்கணம் தெரிகிறது, பேச்சு வரவில்லை

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஆறு மாதமாக ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு கேட்கிறேன். இலக்கணம் புரிகிறது, பேசப் போனால் பாதியில் நின்றுவிடுகிறேன்.
— மாணவர், சேலம்

பதில்: எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் வினைச்சொல்லைத் தேடும் இடமாக இருக்கும். ‘நேற்று சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன்’ என்னும்போது தமிழில் வினை கடைசியில் வருகிறது. மனசுக்குள் அதே வரிசையில் சொல்லிப் பார்த்து மொழிபெயர்த்தால், ஆங்கிலத்தில் இரண்டாவதாக வேண்டிய சொல் கடைசியில்தான் கைக்குக் கிடைக்கும். அதனால் ‘ஐ கேம்’ என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு ‘ஃப்ரம் சேலம்’, ‘பை பஸ்’, ‘எஸ்டர்டே’ என்று ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். தினமும் பத்து வாக்கியம், இப்படி உடைத்து, சத்தமாக.

கூடவே இன்னொரு பயிற்சி. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ என்ற ஒலி நிகழ்ச்சி இலவசம். பேச்சின் எழுத்து வடிவமும் அங்கேயே இருக்கும். ஆறு நிமிடத்தையும் எடுக்காதீர்கள். 30 விநாடி, ஏறக்குறைய 70 சொல், அது போதும். எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். அடுத்து எழுத்தைப் பார்த்து, குரல் எங்கே நிற்கிறது, எந்தச் சொல் ஓங்கி ஒலிக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு நிகழ்ச்சியில் பேசுகிறவர்களுக்கு அரை விநாடி பின்னால் கூடவே பேசிக்கொண்டு போங்கள். கடைசியில் தனியாகப் பேசி, போனில் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே 30 விநாடியை நான்கு நாள் விடாதீர்கள். தினம் ஒரு புது வீடியோவுக்குத் தாவினால் காது பழகும். நாக்கு அப்படியே இருக்கும். வகுப்பு கேட்ட நேரத்தைப் பேசிய நேரத்தோடு சேர்க்க வேண்டாம்.

கேள்வி: போனில் வாய்ஸ் டைப்பிங் போட்டுப் பேசினால் சொற்கள் தப்புத்தப்பாக விழுகின்றன. என் உச்சரிப்பு அவ்வளவு மோசமா?
— மாணவி, திண்டுக்கல்

பதில்: முதலில் மொழி அமைப்பில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ இருக்கிறதா என்று பாருங்கள். மின்விசிறிச் சத்தம்கூட எழுத்தைக் கெடுக்கும். அதெல்லாம் சரியாக இருந்தும் தப்பு விழுந்தால், எந்த ஒலியில் விழுகிறது என்று தேடுங்கள். தமிழில் ‘பின்’ என்று எழுதினால் குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே ‘ப’. வாயும் அப்படியே பழகியிருக்கும். ஒரு தாள் துண்டை உதட்டுக்கு முன் மூன்று விரல் தூரத்தில் பிடியுங்கள். குண்டூசிக்குத் தாள் படபடக்க வேண்டும்; குப்பைத்தொட்டிக்கு அசையக் கூடாது. தமிழில் ஒரே மாதிரி ‘கோட்’ என்று எழுதும் மேலாடைக்கும் ஆட்டுக்கும் இதே சோதனைதான். சொல் முடிவில் ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்று உகரம் ஒட்டுகிறதா என்பதையும் பதிவில் கேட்டுப் பாருங்கள்.

அழுத்தம் இதைவிட முக்கியம். ‘டெவலப்’பில் நாம் முதல் அசையை ஓங்குகிறோம், ஓங்க வேண்டியது நடு அசை. கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதியில் ஒலிக்குறியைத் தட்டிக் கேளுங்கள். உச்சரிப்புக் குறிப்பில் மேலே சின்னக் கோடு எந்த அசைக்கு முன் இருக்கிறதோ, அங்கேதான் அழுத்தம்.

ஒரு எச்சரிக்கை: வாய்ஸ் டைப்பிங் அக்கம்பக்கச் சொற்களை வைத்து ஊகிக்கும். முழு வாக்கியம் சரியாக விழுந்தால் உச்சரிப்பு சரி என்று ஆகிவிடாது. சந்தேகமான சொல்லைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் இரவில் கூகுள் மீட்டில் ஆங்கிலம் பேசத் தொடங்கினோம். இரண்டே வாரத்தில் நின்றுவிட்டது.
— மாணவர், தஞ்சாவூர்

பதில்: ஐந்து பேர் அதிகம். அரை மணி நேரத்தில் ஆளுக்கு ஆறு நிமிடம்தான், அதையும் நன்றாகப் பேசுகிறவரே எடுத்துக்கொள்வார். இரண்டு பேர், மூன்று பேர் என்று பிரியுங்கள்; 15 நிமிடம் போதும். ‘சுற்றுச்சூழல்’ போன்ற பொதுத் தலைப்பு வேண்டாம். அன்று லேபில் செய்ததைப் படிப்படியாக விளக்குங்கள். நேர்முகத் தேர்வில் கேட்கப்போவதும் உங்கள் ப்ராஜெக்டைத்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே திருத்தக் கூடாது, குறித்துவைத்து முடிவில் மூன்று பிழை மட்டும் சொல்லட்டும். நெட் திணறினால் வீடியோவை அணைத்துவிடுங்கள்.