கூரைக்கு வராத சூரியக் கலம்

அன்புள்ள ஐயா,

தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கிரேட்சலோடு சூரியக் கலங்களை ஆய்ந்த வேதியியலாளர் என்று எழுதியிருந்தீர்கள். நான் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு நானோப் பொருள்களில் பிஎச்.டி. சேரலாமா என்று யோசிக்கிறேன். சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் கிரேட்சல் கலம் பாடத்தில் இருக்கிறது, எங்கள் தெருவில் ஒரு கூரையிலும் இல்லை. எல்லாம் சிலிக்கான். கடைக்கே வராத பொருளுக்கு ஒருவர் வாழ்நாளைக் கொடுக்கலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கூரையில் இல்லை என்பது சரிதான். ஆனால் மைக்கேல் கிரேட்சல் முதலில் தேடியது கூரைக்கான கலத்தை அல்ல. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், வெயிலால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்க முயன்றார். அது குறித்து 1978இல் வந்த ஒரு கட்டுரையில் கல்யாணசுந்தரத்தின் பெயரும் உண்டு. (இதே மனிதர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். எப்படி நேரம் கிடைத்ததோ!) ஹைட்ரஜன் எதிர்பார்த்தபடி வரவில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களோடு பழகிய கைப்பழக்கம் மட்டும் மிஞ்சியது.

வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் அதே பொருள்தான். புற ஊதாக் கதிரை மட்டுமே வாங்கும், அதனால் மேலே சாயம் ஏற்ற வேண்டும். ஆனால் பரப்பை ஒட்டியிருக்கும் ஒற்றை மூலக்கூறு அடுக்குச் சாயம்தான் எலக்ட்ரானை உள்ளே தள்ளும். வழவழப்பான பரப்பில் அந்த ஓர் அடுக்கு பிடிக்கும் ஒளி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தட்டில் ஊற்றிய சாம்பார் வழிந்துவிடும், இட்லி உறிஞ்சிக்கொள்ளும் இல்லையா? கிரேட்சலும் பிரையன் ஓ'ரீகனும் இட்லி செய்தார்கள். சுமார் 15 நானோமீட்டர் துகள்களைச் சுட்டு ஒட்டி, 10 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு படலம். உள்பரப்பு, தட்டையான பரப்பைப் போல ஏறக்குறைய 780 மடங்கு. 1991இல் நேச்சர் இதழில் வந்தது, செயல்திறன் 7 சதவீதத்துக்கு மேல்.

அப்புறம் ஏன் தோற்றது? உள்ளே இருந்தது அயோடின் கலந்த திரவம். வெயிலில் கசியும், ஆவியாகும். அதை அடைத்து வைக்கப் போராடிய காலத்தில் சிலிக்கான் விலை மளமளவென்று விழுந்தது. இப்போது அந்தக் கலம் மங்கலான வெளிச்சத்தில் பிழைக்கிறது: ஸ்வீடனில் ஒரு நிறுவனம் அதை ஹெட்ஃபோன் பட்டைக்குச் செய்கிறது. லொசானில் ஒரு மாநாட்டு அரங்கின் முகப்பில் வண்ணக் கண்ணாடியாக நிற்கிறது.

ஆனால் கதை வேறு பக்கம் திரும்பியது. 2009இல் ஜப்பானில் மியாசகாவின் குழு அதே கலத்தில் சாயத்துக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் என்ற, ஈயம் கலந்த படிகப் பொருளை வைத்தது. 3.8 சதவீதம்தான், அதுவும் அந்தத் திரவத்தில் நிமிடங்களில் கரைந்து போனது. 2012இல் திரவத்தைத் தூக்கிப்போட்டு, கொரியாவின் பார்க் கிரேட்சலோடு சேர்ந்து 9.7 எட்டினார். லொசானில் முன்பு வேலை பார்த்த ஹென்றி ஸ்நைத் ஆக்ஸ்ஃபோர்டில் 10.9. இன்று 25ஐத் தாண்டிவிட்டது, சிலிக்கான் மேல் அடுக்கினால் 30க்கும் மேல். ஈயமும் ஈரப்பதமும் இன்னும் தலைவலிதான். உங்களுக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். புதிதாக ஓர் ஆக்சைடு செய்து, மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்து, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வெளுக்கவைத்துக் கட்டுரை போடும் ஆய்வகங்கள் நம்மிடம் நிறைய. சேரும் முன் அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் யாரையாவது டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். ஆறு மாதமாக எதில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்து டீ ஆறிப்போனால், சேர்ந்துவிடுங்கள்.