டிஎச்36 கேட்டால் ஏஎச்36 தருகிறார்கள்: வாங்கலாமா?

கேள்வி: கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரு சரக்குக் கப்பலின் நடுப்பகுதியில் ஷியர் ஸ்ட்ரேக் (மேல்தளத்தோடு சேரும் பக்கச்சுவரின் மேல்வரிசை) பிளேட்டை மாற்ற வேண்டும். வரைபடத்தில் 22 மி.மீ. டிஎச்36 தர எஃகு என்று இருக்கிறது. விற்பவரிடம் ஏஎச்36, எஸ்355ஜே2 இரண்டும்தான் கையிருப்பில் உள்ளன. "எல்லாமே 355 தான், ஒன்றும் ஆகாது" என்கிறார். கப்பலும் வெப்பமண்டலக் கடலில்தான் ஓடுகிறது. இதில் ஒன்றை வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். விற்பவர் எண்ணைப் பார்க்கிறார், நீங்கள் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

36 என்ற எண் பலத்தைச் சொல்கிறது. இழுக்கும்போது 355 மெகாபாஸ்கல் வரை பிளேட் நிரந்தரமாக நீளாது, அவ்வளவுதான். முன்னால் நிற்கும் ஏ, டி, இ, எஃப் என்ற எழுத்துதான் குளிரில் விரிசல் விழுந்தால் அந்த பிளேட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 10 மி.மீ. சதுரத் துண்டில் ஒரு வெட்டுப் போட்டு, சுத்தியலை ஊசலாடவிட்டு உடைப்பார்கள். இதுதான் சார்ப்பி சோதனை. உடைய எவ்வளவு ஆற்றல் பிடித்தது என்பதுதான் கணக்கு. உருட்டிய திசையில் எடுத்த துண்டு சராசரியாக 34 ஜூல் தாங்க வேண்டும். ஏஎச்36 இதை 0 டிகிரியில் காட்டினால் போதும். டிஎச்36 மைனஸ் 20-லும், இஎச்36 மைனஸ் 40-லும் காட்ட வேண்டும்.

"எங்கள் கடலில் பனியே இல்லையே" என்பது நியாயமான சந்தேகம். ஆனால் சோதனை வெப்பநிலை வேறு, கப்பல் ஓடும் வெப்பநிலை வேறு. சோதிப்பது சின்னத் துண்டு. கப்பலில் இருப்பதோ வெல்டிங்கின் உள் இறுக்கமும் அலையின் அடியும் சேர்ந்து தாக்கும் தடித்த பிளேட். எஃகு தடிக்கத் தடிக்க எளிதில் நொறுங்கும். அந்த வித்தியாசத்துக்கு ஈடாகத்தான் குளிர்ந்த நிலையில் சோதிக்கிறார்கள். நடுப்பகுதி ஷியர் ஸ்ட்ரேக்குக்கு 20 மி.மீ. வரை ஏஎச், அதைத் தாண்டினால் டிஎச், 30-ஐத் தாண்டினால் இஎச் என்று கிளாஸ் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) விதிகள் பொதுவாக ஏறிக்கொண்டே போவதும் இதனால்தான். (அப்படியானால் 20 மி.மீ. ஏஎச் போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள், பலம் குறைந்துவிடும்.) அலை மீது கப்பல் வளையும்போது அதிக இழுவிசை வருவதே மேல்தளமும் பக்கச்சுவரும் சேரும் அந்த விளிம்பில்தான்.

இந்தப் பாடம் இனாமாக வந்ததில்லை. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், அலையே இல்லாத நீரில் கட்டி நிறுத்தியிருந்த ஷெனெக்டடி என்ற புது எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு பிளேட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலோ ஒரே துண்டு மாதிரி, ஓடிக்கொண்டே போகும். பழி முதலில் வெல்டர்கள் மீதுதான் விழுந்தது. போர்க்காலக் கப்பல்களில் இப்படி வந்த முறிவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குளிரில் எஃகே நொறுங்கும் தன்மைக்கு மாறுவதுதான் அடிப்படைக் காரணம் என்று காட்டினார்.

சரி, எஸ்355ஜே2? அதுவும் மைனஸ் 20-ல் சோதித்ததுதானே என்பார் விற்பவர். ஆமாம், ஆனால் 27 ஜூல்தான். அப்புறம் பெயரில் உள்ள 355 என்பது 16 மி.மீ. வரைக்குத்தான், உங்கள் 22 மி.மீ. தடிமனில் 345 போதும் என்கிறது அந்தத் தரம். அது கட்டடம், பாலம் போன்றவற்றுக்கான எஃகு. கிளாஸ் ஒப்புதல் பெற்ற ஆலையில் கிளாஸ் சோதனையோடு வந்தது என்பதற்கு அதில் எந்த அத்தாட்சியும் இராது.

டிஎச்36 கிடைக்கவே இல்லையென்றால் இஎச்36 கேளுங்கள். அதே பலத்தில் எழுத்து மட்டும் மேலே போவதைக் கிளாஸின் ஆய்வாளரான சர்வேயர் பொதுவாக மறுப்பதில்லை. எண்ணை 40-க்கு ஏற்றுவது வேறு கதை. வெல்டிங் ராடு, நடைமுறை எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும், கேட்காமல் செய்யாதீர்கள்.

பிளேட் வந்ததும் அதில் குத்தியிருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உலை வார்ப்பில் வந்தது என்று சொல்லும் எண்) ஆலை தரும் மில் சர்டிபிகேட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். கிளாஸ் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்டிபிகேட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள்: நார்மலைஸ் செய்ததா (காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டதா), டிஎம்சிபி முறையில் உருட்டியதா? டிஎம்சிபி பிளேட்டின் பலம், உருட்டும்போதே வெப்பத்தைக் கட்டுப்படுத்தியதால் வந்தது. வளைப்பதற்காக அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சினால் அந்தப் பலம் போய்விடும், பிறகு திரும்பாது. கேஸ் டார்ச்சோடு நிற்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெட்டி மிச்சம் வரும் துண்டை எடுத்துவைப்பதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே சர்வேயர் முன்னிலையில் ஹீட் நம்பரை அதன் மேலும் குத்திவிடுங்கள். எண் இல்லாத துண்டு அடுத்த கப்பலுக்கு உதவாது.