துருக்கியக் கட்டுரையில் வழிகாட்டும் சொற்களை எங்கே தேடுவது?

கேள்வி: அங்காராவில் மொழியியல் முதுகலை படிக்கிறேன். துருக்கிய ஆய்வுக் கட்டுரைகள் வாசகருக்கு வழிகாட்டும் விதம் 1950-களிலிருந்து எப்படி மாறியது என்பதுதான் என் ஆய்வேடு. மொழியியலாளர் கென் ஹைலண்ட் தொகுத்த, இப்படி வழிகாட்டும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலைத் துருக்கிய மொழியில் மாற்றித் தேடினேன். மிகக் குறைவாகவே கிடைக்கிறது, பழைய கட்டுரைகளில் இன்னும் குறைவு. இதையே முடிவாக எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். 'ஆகவே', 'ஒருவேளை' மாதிரி தனியாக நிற்கும் சொற்களை மட்டும் தேடியிருக்கிறீர்கள். துருக்கியில் அந்த வேலையில் பெரும்பங்கு வினையின் வாலில் நடக்கிறது. தமிழ் தெரிந்த உங்களுக்கு இது புதிதல்ல. 'சொய்லெனெபிலிர்' என்பது கிட்டத்தட்ட நம் 'எனலாம்': செயப்பாட்டு, சாத்தியம் இரண்டும் ஒரே சொல்லுக்குள். 'கொருல்மெக்தெதிர்' என்றால் 'காணப்படுகிறது'. எழுதியவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார், எங்கே ஒதுங்கி நிற்கிறார் என்பதெல்லாம் வாக்கியம் முடியும் இடத்தில்தான் தெரியும். எதிர்நிலை காட்டும் 'இசெ'யும் பெயருக்குப் பின்னால், நம் 'அவனோ'வின் ஓகாரம் போல வரும். வாக்கியத் தொடக்கத்தில் தேடினால் அகப்படாது.

அடுத்த தலைவலி, மேலே 'கொருல்மெக்தெதிர்' முடிவில் வந்த '-திர்' விகுதி. உயிரொலி இசைவும் (முன்னால் வரும் உயிருக்கு ஏற்ப விகுதியின் உயிர் மாறுவது) மெய் மாற்றமும் சேர்ந்து அதற்கு எட்டு வடிவங்கள் உண்டு. எட்டையும் தேடினால் குப்பையும் சேர்ந்து வரும். 'தெயிஷ்திர்மெக்' (மாற்றுதல்) என்பதில் இருப்பது பிறவினை விகுதி, 'யில்லர்திர்' (பல ஆண்டுகளாக) என்பதில் இருப்பது கால அளவு. அதனால் முற்றுப்புள்ளிக்கு முன் வருவதை மட்டும் எடுங்கள். அப்போதும் எல்லாவற்றையும் 'அழுத்திச் சொல்வது' என்ற கணக்கில் போடக் கூடாது. ஆய்வு நடையில் இந்த விகுதி பெரும்பாலும் வெறும் சம்பிரதாயம். பேச்சிலோ நேர்மாறு: 'கெல்மிஷ்திர்' என்றால் 'வந்திருப்பான்' என்ற ஊகம்தான்.

இனி பழைய கட்டுரைகள். லத்தீன் எழுத்துச் சட்டம் 1928 நவம்பரில் வந்தது, துருக்கிய மொழிக் கழகம் 1932-ல். அரபு, பாரசீகச் சொற்களை விலக்கும் வேலை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நீண்டது. 1950-களில் எழுதியவர் 'ஆகவே' என்பதற்கு 'பினாயெனலெய்' என்று போட்டிருப்பார், இன்றைய மாணவர் 'பு நெதென்லெ' என்பார். உங்கள் பட்டியலில் பின்னது மட்டும் இருந்தால், சொல் மாறியதைப் பழக்கம் மாறியதாகக் கணக்கிட்டுவிடுவீர்கள். உங்களுக்குப் பழைய கட்டுரைகளில் எண்ணிக்கை குறைந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் பழைய, புதிய சொற்களை அட்டவணையில் ஒரே கட்டத்தில் சேர்த்து எண்ணுங்கள்.

'நாங்கள்' என்பதையும் தனிச்சொல்லாகத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் வினையின் அல்லது பெயரின் விகுதியிலேயே இருக்கும். ஒருவரே எழுதிய கட்டுரையிலும் 'கனாஅதிமிஸ்ஜெ', அதாவது 'எங்கள் கருத்தில்', வரும். அதைக் கூட்டாசிரியர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒரு கணினிச் சிக்கல். துருக்கிய எழுத்தில் புள்ளியுள்ள ஐ (i) வேறு, புள்ளியில்லாத ஐ (ı) வேறு. பெரிய எழுத்தைச் சிறியதாக்கும்போது மென்பொருள் துருக்கிய அமைப்பில் இல்லையென்றால் இரண்டும் கலந்துவிடும், பெரிய எழுத்தில் இருந்த விகுதிகள் பல தேடலில் விழாது. ஸ்கேன் செய்த பழைய இதழ்களில் இது இன்னும் மோசம்.

ஆயிரம் சொல்லுக்கு எத்தனை என்ற விகிதத்தைத் துருக்கிய மொழிக்குள் காலம் காலமாக ஒப்பிடப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தோடு ஒப்பிட வேண்டாம். துருக்கியம் போல விகுதிகளை ஒட்டிச் சொல்லை நீட்டும் ஒட்டுமொழியில் அதே செய்தி குறைவான சொற்களில் முடிந்துவிடும். துறையையும் ஒன்றாக வையுங்கள். 1950-களின் வரலாற்றுக் கட்டுரையையும் 2020-களின் பொருளியல் கட்டுரையையும் பக்கத்தில் வைத்தால், தெரிகிற வித்தியாசம் காலத்தாலா துறையாலா என்று பிரிக்க முடியாது.