உள்நாட்டுப் போரில் தப்பியவன் ஊர் திரும்பும் படங்களில் உங்களை உலுக்கிய காட்சி எது?

இதைக் கேட்கும் நீங்கள் போரைத் திரையில் மட்டும் பார்த்தவர் என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

இரண்டு வருடம் முன்பு கோத்தகிரியில் எங்கள் வீட்டு டிவியில் அப்படி ஒரு வெளிநாட்டுப் படம். போர் முடிந்து ஒருவன் நடந்தே ஊருக்கு வருகிறான். வீடு இருந்த இடத்தில் வாசல்படி மட்டும் கிடக்கிறது, அதில் உட்காருகிறான். நானும் மனைவியும் அழுதுவிட்டோம். அப்பா மட்டும், "அந்தப் படி இன்னும் இருக்குதே" என்றார்.

அப்பா இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கே குடியுரிமை இல்லாமலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அதில் தாத்தாவும் பெயர் கொடுத்திருந்தார், ஆனால் கிளம்ப மனமில்லாமல் நாளைக் கடத்தினார். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், நுவரெலியா டவுன் எரிந்தது. அன்று இரவு குடும்பமே தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தது. அடுத்த வருடம் ஜனவரியில் நானுஓயாவில் கோச்சி, அதாவது ரயில், ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வைத்த ஒப்பாரியால் அதற்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். அப்பாவுக்கு அப்போது 22 வயது. அதற்கு முன் இந்த மண்ணை மிதித்ததே இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் துயரத்தோடு இதை ஒப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது வேறு, எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்த ஈழப் படங்கள் எதிலும் எங்கள் மலையகத் தமிழை, அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழை, ஒருவர்கூடப் பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்த அப்பாவை, 58 வயதில் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன். இப்போது வாடகை வீடு, மாதம் பிறந்தால் பயம்.

சரி, படத்துக்கு வருகிறேன். அது முடிந்ததும் அப்பா டிவியை அணைத்துவிட்டு, நுவரெலியா லயத்தின், அதாவது அங்கிருந்த லைன் வீட்டு வரிசையின், காம்பராக்களை (அறைகளை) வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். முதல் காம்பராவில் யார், இரண்டாவதில் யார், எந்த வீட்டில் ஆடு நின்றது என்று. ஆறாவது காம்பராவுக்கு வந்ததும் பெயர் வரவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு ஓடி வந்து அந்தப் பெயரைச் சொன்னார்.