சார்த்தரையும் பெக்கெட்டையும் ஒரே அத்தியாயத்தில் வைக்கலாமா?

நண்பரே, பிரெஞ்சில் எழுதிய நாடகாசிரியர்கள் சார்த்தர், பெக்கெட், இயொனெஸ்கோ மூவரையும் ‘போருக்குப் பிந்தைய அபத்த நாடகம்’ (வாழ்க்கையின் பொருளின்மையைக் காட்டும் நாடகம்) என்று உங்கள் ஆய்வேட்டில் ஒரே அத்தியாயத்தில் அடக்கியதை ஆய்வு நெறியாளர் ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம் அவர் பக்கம்தான்.

சார்த்தரின் ‘உய் க்ளோ’ (மூடிய அறை) நாடகம் முடியும் இடத்தைப் பாருங்கள். நரகத்து அறையின் கதவு திறந்துகொள்கிறது, அங்கே அடைபட்டிருக்கும் கார்சேன் வெளியேறுவதில்லை. தான் கோழையல்ல என்று, உடன் அடைபட்டிருக்கும் இனேஸை நம்பவைக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறான். பெக்கெட்டின் ‘கோதோ’வில் (கோதோவுக்காகக் காத்திருத்தல்), வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் இருவர் போகலாம் என்கிறார்கள், நகர்வதில்லை. காரணம் கிடையாது. முன்னது அபத்தத்தை வாதிடுகிறது. பின்னது மேடையில் நிகழ்த்திவிடுகிறது. ‘அபத்த நாடகம்’ என்ற பெயரை நிலைநிறுத்திய விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் 1961இல் பிரித்த கோடும் ஏறக்குறைய இதுதான்.

இயொனெஸ்கோவின் ‘வழுக்கைத் தலைப் பாடகி’ (1950) இன்னும் குறும்பானது. ஒரே ரயில், ஒரே வீடு, ஒரே படுக்கை என்று அடுக்கி, தாங்கள் கணவன் மனைவி என்று மார்ட்டின் தம்பதி ‘நிரூபிக்கிறார்கள்’. வேலைக்காரி வந்து, தன் மகளுக்கு ஒரு கண் வெள்ளை என்று இருவருமே சொன்னாலும் அந்தக் கண் வேறு வேறு பக்கம் என்று சொல்லி அத்தனை தர்க்கத்தையும் கவிழ்த்துவிடுகிறாள். அத்தியாயத்தை இந்தக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்.

தலைப்பில் உள்ள ‘போருக்குப் பிந்தைய’ என்பதையும் திருத்துங்கள்: ‘உய் க்ளோ’ மேடையேறிய 1944 மே மாதத்தில் போர் முடியவில்லை, பாரிஸ் ஜெர்மானியர் பிடியில்தான் இருந்தது.