ஒரு மூக்கில் மட்டும் ரத்தம்: கால்நடை கேள்வி - பதில்

எட்டு வயது வெள்ளை வண்டி மாடு. ஒரு மாதமாகத் தலையை உதறுகிறது, இடப்பக்கம் சாய்த்தே நிற்கிறது. இடது மூக்கில் மட்டும் ரத்தம் கலந்த சளி. சிலர் குறட்டை நோய் என்கிறார்கள், சிலர் கொம்புப் புற்று என்கிறார்கள். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், நீடாமங்கலம்

ஒரு மூக்கில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் நிற்கும் டெல்டாவில் நத்தை மூலம் பரவும் குறட்டை நோய் சாதாரணம். அதனால் மூக்கில் ரத்தம் கண்டதும் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நோயில் பெரும்பாலும் இரண்டு மூக்கும் அடைக்கும், மூச்சு கொர்கொர் என்று கேட்கும். மாடு தலையைச் சாய்த்து நிற்காது. சந்தேகம் தீர மூக்குச் சளியை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வளரி போல வளைந்த புழு முட்டைகள் தெரிந்தால் அது குறட்டை நோய்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கொம்புப் புற்றைத்தான் காட்டுகின்றன. கொம்பின் உள் எலும்பைப் போர்த்திய சவ்வில் தொடங்கும் புற்று இது. காயடித்த எருதுகளுக்குத்தான் அதிகம், அதிலும் 5 முதல் 10 வயதுக்குள். பசுவிலும் எருமையிலும் அபூர்வம். கொம்பை எடுத்துவிடும் உம்பளச்சேரி எருதுகளில், அதாவது மொட்டை மாடுகளில், இந்தப் பேச்சுக்கே இடமில்லை!

மாட்டைக் கட்டிப்போட்டு இரண்டு கொம்பையும் அடியிலிருந்து நுனிவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல கொம்பு உள்ளே வெற்றாக ஒலிக்கும். நோய்க் கொம்பில் சதை அடைத்திருப்பதால் மொத்தென்று கேட்கும். அடிப்பகுதியைத் தொட்டால் சூடு தெரியும், தொடவிடாமல் மாடு தலையை இழுக்கும். கொம்பு ஆட ஆரம்பித்துவிட்டால் நோய் நன்றாக முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் சந்தேகம்தான், முடிவு அல்ல. கொம்பு அடிபட்டு உள்ளறையில் சீழ் கோத்தாலும் தலை சாயும், மூக்கு ஒழுகும். கால்நடை மருந்தகத்தில் காட்டி எக்ஸ்ரேயும் சதைப் பரிசோதனையும் கேளுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. புற்று என்று உறுதியானால் கொம்பை அடியோடு எடுப்பார்கள். கண்ணின் வெளிமுனைக்கும் கொம்பு அடிக்கும் நடுவில் ஓடும் நரம்பில் 2 சதவீத லிக்னோகெயின் போட்டு மரக்க வைத்துத்தான் அறுவை நடக்கும். பிறகு வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியும் போடுவதுண்டு. அது ரத்தக் குழாய்க்குள்தான் போக வேண்டும், வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகிவிடும். கொம்பு தானாக விழுந்து புழு வைக்கும்வரை காத்திருந்தால், அறுத்தாலும் திரும்பி வரும் வாய்ப்பே அதிகம். மற்ற மாட்டுக்கு இது தொற்றாது. கொட்டிலை மாற்ற வேண்டாம்.

பசுவின் கண்ணோரக் கட்டியை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்பினோம். "பரிசோதனைக்கு உகந்ததல்ல" என்று பதில் வந்தது. ஏன்?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

உப்புத் தண்ணீர் சதை அழுகுவதைத் தடுக்காது. ஐஸில் உறைந்தால் செல் வெடித்து உருவமே போய்விடும். தேவை 10 சதவீத ஃபார்மலின். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. சதை எவ்வளவோ அதைப்போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். முழுக் கட்டியை அப்படியே முக்கினால் நடுப்பகுதிக்கு மருந்து போய்ச் சேராமல் உள்ளுக்குள் அழுகும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் துண்டு போடுங்கள். நல்ல சதையும் கட்டியும் சேரும் எல்லையிலிருந்து ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். மேலே கறுத்து அழுகிய பகுதி மட்டும் போனால் சீழ் என்றுதான் அறிக்கை வரும். வாய் அகன்ற பாட்டில் எடுங்கள். குறுகிய வாய்க்குள் மெதுவாக நுழையும் துண்டு, இறுகிய பிறகு வெளியே வராது.

ஊசியால் உறிஞ்சி ஸ்லைடில் தடவியும் அனுப்பலாம். அதைக் காற்றில் உலர்த்தினால் போதும். ஆனால் ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஆவி பட்டாலே சாயம் சரியாகப் பிடிக்காது. பலரும் தவறுவது இங்கேதான்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் ஃபெரெட் வளர்க்கிறான். வால் நுனியில் கெட்டியான உருண்டை, வாலில் முடியும் கொட்டுகிறது. இரண்டும் ஒரே நோயா?
— வாசகி, கும்பகோணம்

பார்க்கக் கீரி மாதிரி இருந்தாலும் அது நீர்நாய்க்குச் சொந்தம். வால் நுனியில் மெதுவாக வளரும் கெட்டி உருண்டை பெரும்பாலும் கார்டோமா என்ற கட்டி. கருவில் முதுகெலும்புக்கு முன்பே தோன்றும் முதுகுநாண் என்ற திசுவின் மிச்சத்திலிருந்து வருவது. கட்டிக்கு மேலே சில எலும்புக் கணுக்களோடு வாலை வெட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கழுத்தில் வந்தால்தான் ஆபத்து. வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். குருத்தெலும்புப் புற்றும் இதே தோற்றம் தரும். சைட்டோகெரட்டின் சாயம் கார்டோமாவில் பிடிக்கும், மற்றதில் பிடிக்காது.

முடி கொட்டுவது வேறு கதையாக இருக்கலாம். அட்ரினல் சுரப்பிக் கட்டி ஃபெரெட்டில் சகஜம். நாய்க்குச் செய்யும் கார்ட்டிசால் சோதனை இதற்கு உதவாது. வயிற்று ஸ்கேனும் பாலின ஹார்மோன் சோதனையும் வேண்டும். அறுவைக்கு முன் ரத்தச் சர்க்கரையும் பார்க்கட்டும். சர்க்கரையைக் குறைத்துவிடும் கணையக் கட்டியும் கூடவே இருப்பதுண்டு. இந்தச் சோதனைக்கான பட்டினி 3, 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். மனிதருக்கான சர்க்கரைக் கருவி ஃபெரெட்டில் குறைத்தே காட்டும். ஆகவே ஆய்வக அளவுதான் கணக்கு.

ஆண் நாய், குறியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. சிறுநீர்த் தொற்று என்று மூன்று வாரம் மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை.
— வாசகர், மயிலாடுதுறை

சிறுநீரோடு சேராமல் தனியாகச் சொட்டினால் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் சிவந்து உதிரும் சதை இருந்தால் அது இணைசேரும்போது பரவும் புற்று. ஸ்லைடை அதில் ஒற்றி எடுத்துச் சாயமிட்டால், செல்லுக்குள் வரிசையாகக் குமிழ்கள் தெரியும். வின்கிரிஸ்டின் வாரம் ஒன்றாக 4 முதல் 6 ஊசியில் பெரும்பாலும் குணமாகும். கட்டி சுருங்கியதும் பாதியில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். குணமாகும்வரை நாயைத் தெருவில் விடாமல் கட்டி வையுங்கள்.