சிங்கப்பூரில் எல்லா வசதியும் இருந்தும் உள்ளூர்த் தமிழர்கள் ஏன் குறைபட்டுக்கொண்டே இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் இங்கு வந்து நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ரயில் நேரத்துக்கு வருகிறது, நள்ளிரவிலும் பெண்கள் தனியே நடந்து போகிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று என் மனைவியின் தமிழகத்து உறவினர்களும் கேட்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. பொருள் சேவை வரி 2024இல் 9 விழுக்காடானபோது நானும் காப்பிக் கடையில் புலம்பியவன்தான். ஆனால் என் மனக்குறை விலைவாசியைப் பற்றியதன்று.

நான் 1969இல் பிறந்தவன். இங்கு 21 வயதில் வாக்குரிமை வருகிறது, வாக்களிப்பது கட்டாயம், தக்க காரணமின்றிப் போகாவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நாட்டில், நாடாளுமன்றத் தேர்தலில் நான் முதன்முதலாக வாக்களித்தபோது எனக்கு வயது 46. (அதிபர் தேர்தலில் வாக்களித்திருப்பீர்களே என்று யாரும் மடக்க வேண்டாம், அது வேறு, இது வேறு.) எங்கள் வீடு தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் (பல வேட்பாளர்கள் ஓரணியாகச் சேர்ந்து நிற்கும் தொகுதி) இருந்தது. திரு லீ குவான் இயூவின் அணியை எதிர்த்து 1991, 1997, 2001, 2006 ஆகிய நான்கு தேர்தல்களிலும் போட்டியே இல்லை. வேட்புமனுத் தாக்கல் நாளன்று நண்பகலோடு எங்கள் தேர்தல் முடிந்துவிடும். 2011இல் ஒருவழியாக ஓர் அணி வந்தது. 35 விநாடி தாமதம் என்று அதன் மனு ஏற்கப்படவில்லை. வேலையிடத்தில் இச்செய்தியைக் கேட்ட சீன நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். மாலையில் பேருந்தில் வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து 35 விநாடியை எண்ணினேன். ஒரு நிறுத்தத்தில் கதவு திறந்து, நாலைந்து பேர் ஏறி, கதவு மூடுவதற்குள் அது கழிந்துவிட்டது.

திரு லீ மறைந்த 2015ஆம் ஆண்டில், செப்டம்பர் 11 அன்று, ஒருவழியாக எங்களுக்கும் வாக்குச்சீட்டு கிடைத்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். மை பரவிச் செல்லாத வாக்காகிவிடுமோ என்று பயந்து, சீட்டை மடிக்காமல் வாயால் ஊதிக்கொண்டு நின்றேன். வீடு திரும்பும் வழியில் அம்மா மெல்லிய குரலில், "சீட்டுக்குப் பின்னால நம்பர் போட்டிருக்கே தம்பி, யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சுடுமா?" என்று கேட்டார். கள்ள வாக்கைக் கண்டுபிடிக்கத்தான் அந்த எண், சீட்டுகளை முத்திரையிட்டு ஆறு மாதம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள் என்று விளக்கினேன். சரி என்றார், நம்பியதாகத் தெரியவில்லை.

ஆளுங்கட்சி அங்கு ஏறக்குறைய 78 விழுக்காடு பெற்றது. அந்த 78இல் நானும் ஒருவனாக இருக்கலாம், யாருக்குப் போட்டேன் என்பதைச் சொல்லப்போவதில்லை; ஆகவே என்னை எதிர்க்கட்சிக்காரன் என்றோ, பிடிக்காவிட்டால் ஜோகூருக்குப் போய்விடு என்றோ பின்னூட்டம் எழுதுவோர் சற்றுப் பொறுத்துக்கொள்ளவும். தோற்றவர் பக்கம் நின்ற வருத்தமன்று இது. இருபத்து நான்கு ஆண்டுகளாக என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே என்ற வருத்தம்.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வீட்டை விற்க முனைந்தபோது, அடுக்குமாடி புளோக்கில் ஒவ்வோர் இனத்தவரும் இவ்வளவு பேர்தான் இருக்கலாம் என்று 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் நிரம்பியிருந்ததால், நல்ல விலை சொன்ன சீனக் குடும்பத்துக்கு என்னால் விற்க முடியவில்லை. கொள்கையின் நோக்கத்தை நான் ஏற்கிறேன். விலை குறைந்த கணக்கு மட்டும் என் தலையில் விழுந்தது.

2025இல் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதி மட்டும் போட்டியின்றிப் போனது. அங்கு குடியிருக்கும் என் அக்கா மகளுக்கு அது முதல் தேர்தல். வாக்களித்துவிட்டு என்னோடு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பசியாறுவதாக இருந்தாள். வேட்புமனுத் தாக்கல் முடிந்த சிறிது நேரத்தில், "மாமா, மூணாந்தேதி நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று குறுஞ்செய்தி அனுப்பினாள்.